பாட்டு வீடியோக்களை மாற்றி அடுக்குவது எப்படி: கணினி நூலகத்துக்கு முழுமையான வழிகாட்டி

வன்தட்டில் இருநூறு முந்நூறு பாட்டு வீடியோக்கள் சேர்ந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், ஒரு மாற்றி மென்பொருளைத் திறந்து அத்தனையையும் அதற்குள் கொட்டுவதுதான். என் அக்கா மகனும் அதைத்தான் செய்தான். இரவு முழுக்கக் கணினி ஓடியது. காலையில் பார்த்தால் ஒரே பாட்டு மூன்று அளவுகளில் மூன்று முறை மாறியிருந்தது. பாதிக் கோப்புகள் முன்பைவிடப் பெரிதாகியிருந்தன, ஆனால் படம் மங்கியிருந்தது. மாற்றம் முடிந்ததும் மூலக் கோப்புகளை அழித்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை.

அவன் தேர்ந்த மென்பொருள் நல்லதுதான். வரிசைதான் தவறு. பெரும்பாலான கோப்புகளுக்கு மாற்றமே தேவைப்படாது. எதற்குத் தேவை என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் மூன்று நாள் வேலை ஒரு மாலையில் முடியும். கீழே உள்ள வரிசையில் போங்கள், எண்களைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஐந்து மென்பொருள்கள் போதும். ஓட்டிப் பார்க்க வி.எல்.சி., கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ, வெட்டவும் உறை மாற்றவும் லாஸ்லெஸ்கட், ஒலியை மட்டும் மாற்ற அவிடீமக்ஸ், படத்தையே மாற்ற ஹேண்ட்பிரேக். இவை போக, பாட்டுகளை நூலகமாக அடுக்கிக் காட்டக் கோடி (Kodi) என்ற மென்பொருள். எல்லாவற்றையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் 'இலவச மாற்றி'கள் பலவும் வேண்டாததைக் கூடவே நிறுவும்.

உங்கள் சேகரிப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதே அளவு காலியிடம் இன்னொரு மடங்கு வேண்டும். மூலமும் மாற்றியதும் சில நாள்களாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால்.

மூன்று கோப்புறைகள் உருவாக்குங்கள்: வரவு, வேலை, நூலகம். இறக்கியது எதுவாக இருந்தாலும் வரவுக்குள். நடுவில் கை வைப்பதெல்லாம் வேலைக்குள். முழுதாக முடிந்தது மட்டும் நூலகத்துக்குள். பாதி முடிந்த கோப்பு நூலகத்துக்குள் போனால் எது முடிந்தது, எது முடியவில்லை என்று ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

இன்னொன்று. விலை கொடுத்து வாங்கியவை, உங்களிடம் உள்ள வட்டுகளிலிருந்து எடுத்தவை, இறக்கிக்கொள்ளலாம் என்று கலைஞரோ நிறுவனமோ அனுமதித்தவை, இவற்றைத்தான் இங்கே மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

## 2. முதலில் களை எடுங்கள்

ஒரே பாட்டு பல பெயர்களில் இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது. நீளத்தை வைத்துத் தேடுங்கள். விண்டோஸ் கோப்புச் சாளரத்தில் விவரப் பார்வைக்கு மாறி, பத்தித் தலைப்பில் வலது சொடுக்கி, நீளம் என்ற பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்துங்கள். 4:32 உள்ள மூன்று கோப்புகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். சில வகைக் கோப்புகளுக்கு இந்தப் பத்தி காலியாக இருக்கலாம். அவற்றை வி.எல்.சி.யின் பட்டியலுக்குள் இட்டால் நீளம் தெரியும்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது? கோப்பின் எடையையோ படத்தின் உயரத்தைச் சொல்லும் 1080 என்ற எண்ணையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய குறுந்தட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி 1080 என்று பெயர் போட்டு உலவவிடுகிறார்கள். இரண்டையும் முழுத்திரையில் ஓட்டி, ஒரே இடத்தில் நிறுத்தி, முகத்தையும் புடவைக் கரையையும் பாருங்கள். கரையின் வேலைப்பாடு எதில் தெளிவாக இருக்கிறதோ அதை வையுங்கள். ஒலியையும் கேளுங்கள். படம் சுமாராக இருந்து ஒலி அருமையாக இருக்கும் பிரதிகள் உண்டு.

இறக்கம் பாதியில் நின்ற கோப்புகளையும் இப்போதே தள்ளுங்கள். கடைசி 10 நொடிக்கு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## 3. உறை வேறு, உள்ளே இருப்பது வேறு

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எம்.பி.4, எம்.கே.வி., வெப்எம், ஏ.வி.ஐ. எல்லாம் வெறும் உறை. டிபன் கேரியர் மாதிரி. உள்ளே ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. படம் ஹெச்.264 முறையில் இருக்கலாம், ஹெச்.265, வி.பி.9, ஏ.வி.1 முறையிலும் இருக்கலாம். ஒலி ஏ.ஏ.சி., ஓபஸ், எம்.பி.3 இப்படி ஏதாவது ஒன்று. ஒரு வீடியோ டிவியில் ஓடவில்லை என்றால் காரணம் உறையாகவும் இருக்கலாம், படமாகவும் இருக்கலாம், ஒலி மட்டுமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மீடியாஇன்ஃபோவில் கோப்பை இழுத்துப் போடுங்கள். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உறை, படத்தின் முறை, ஒலியின் முறை, படத்தின் அகல உயரம். கோப்புப் பெயரின் வாலை வெறுமனே மாற்றி எழுதுவது மாற்றம் ஆகாது. எம்.கே.வி. என்பதை அழித்துவிட்டு எம்.பி.4 என்று தட்டினால் கேரியர் மேல் வேறு சீட்டு ஒட்டியதாகத்தான் அர்த்தம்.

## 4. எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

கணினியில் மட்டும் பார்ப்பீர்களா? அப்படியானால் இந்த வேலையில் முக்கால்வாசியை விட்டுவிடலாம். வி.எல்.சி.யும் கோடியும் நான் மேலே சொன்ன எல்லா முறைகளையும் ஓட்டும்.

பழைய டிவியின் யு.எஸ்.பி. துளை, வண்டியில் உள்ள திரை, அப்பாவின் பழைய டேப்லெட் இவையும் கணக்கில் உண்டு என்றால் பாதுகாப்பான கூட்டணி ஒன்றுதான்: எம்.பி.4 உறை, ஹெச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி. இதைவிடப் புதிய முறைகள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் பழைய கருவிகளில் ஓடாத கோப்பு எவ்வளவு சிறியதாக இருந்து என்ன பயன்?

இப்போது ஒவ்வொரு கோப்பையும் நான்கு குவியல்களில் ஒன்றில் போடுங்கள். மூன்றும் சரியாக இருப்பவை, எதுவும் செய்ய வேண்டாம். படமும் ஒலியும் சரி, உறை மட்டும் வேறு. படம் சரி, ஒலி மட்டும் வேறு. படமே வேறு. கடைசிக் குவியல் மட்டும்தான் ஹேண்ட்பிரேக்குக்குப் போக வேண்டியது.

## 5. உறையை மட்டும் மாற்றுவது

எம்.கே.வி.க்குள் ஹெச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் இருந்தால் லாஸ்லெஸ்கட்டில் திறந்து, வெளியீட்டு வடிவமாக எம்.பி.4 தேர்ந்து, ஏற்றுமதி செய்யுங்கள். சில நொடிகளில் முடியும். படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுத்து வைப்பதால் தரம் ஒரு துளியும் குறையாது. மாற்றி மென்பொருளில் இதே கோப்பைப் போட்டால் பல நிமிடம் காத்திருந்து, தரத்தையும் இழந்திருப்பீர்கள்.

ஒலி மட்டும் ஓபஸாக இருக்கிறதா? அவிடீமக்ஸில் திறந்து, படத்துக்கு 'காப்பி' என்றே விட்டுவிட்டு, ஒலிக்கு ஏ.ஏ.சி., உறைக்கு எம்.பி.4 தேர்ந்து சேமியுங்கள். ஒலி அளவு நொடிக்கு 192 கிலோபிட் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் இந்த வசதி இல்லை. ஒலியை அப்படியே கடத்தும், ஆனால் படத்தை எப்போதும் மறுபடி சுருக்கும்.

## 6. வெட்டுவதை மாற்றத்துக்கு முன் செய்யுங்கள்

முன்னால் 10 நொடி விளம்பரம், பின்னால் 'சந்தா செய்யுங்கள்' அட்டை இருந்தால் இப்போதே நறுக்குங்கள். ஒரு மணி நேரத் தொகுப்பைப் பாட்டுப் பாட்டாகப் பிரிப்பதும் இங்கேதான். பிறகு வெட்டலாம் என்று விட்டால், வேண்டாத பகுதியையும் சேர்த்து மாற்றக் கணினி நேரம் செலவிடும்.

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு கட்டம். லாஸ்லெஸ்கட் நாம் நினைத்த கட்டத்தில் எல்லாம் வெட்டாது. முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட கட்டங்கள் சில நொடிகளுக்கு ஒன்றுதான் வரும், வெட்டின் தொடக்கம் அவற்றில் ஒன்றில்தான் விழும். நீங்கள் குறித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து பாட்டு தொடங்கினால் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு நொடிக்காக முழுக் கோப்பையும் மறுபடி சுருக்குவது வீண் என்பது என் கருத்து. முடிக்கும்போது தாராளமாக விடுங்கள். கடைசி வீணை நாதம் தேயும் முன்பே வெட்டிவிட்டால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உறுத்தும்.

## 7. உண்மையான மாற்றம்: ஹேண்ட்பிரேக்

நான்காம் குவியலில் மிஞ்சியவை இப்போது. ஒரே அமைப்பில் எல்லாவற்றையும் ஓட்டாதீர்கள். பழைய வி.சி.டி. பாட்டுக்கும் நேற்று வந்த 1080 பாட்டுக்கும் ஒரே அளவுச் சட்டை சேராது. உயரத்தின்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பாட்டை முதலில் சோதியுங்கள்.

தரம். 'சராசரி பிட்ரேட்' வேண்டாம், 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' தேர்ந்துகொள்ளுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. நொடிக்கு 5 மெகாபிட் என்று அடித்துச் சொன்னால் 4 நிமிடப் பாட்டு 150 எம்.பி. ஆகும். பாடகர் ஒரே நாற்காலியில் அசையாமல் அமர்ந்து பாடினாலும் 150, ஐம்பது பேர் மழையில் ஆடினாலும் 150. தர அளவைக் கொடுத்தால், அசையாத பாட்டுக்குக் குறைவாகவும் ஆட்டப் பாட்டுக்கு அதிகமாகவும் மென்பொருளே பங்கிடும்.

இந்தத் தர அளவைக் குறிக்கும் ஆர்.எஃப். என்ற எண் குறையக் குறையத் தரம் கூடும், பலர் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். ஹெச்.264-க்கு ஹேண்ட்பிரேக் தரும் பரிந்துரை: 480, 576 வரிப் படங்களுக்கு 18 முதல் 22, 720-க்கு 19 முதல் 23, 1080-க்கு 20 முதல் 24. நான் நடுவில் வைப்பேன். 10 என்று வைத்தால் இல்லாத தரம் வந்துவிடாது, மூலத்தில் உள்ள புள்ளிச் சிதறலைக்கூட அக்கறையாகச் சேமித்துக் கோப்பு வீங்கும். அக்கா மகனின் கோப்புகள் பெருத்தது இதனால்தான்.

அளவு. பெரிதாக்க வேண்டாம். பால் (PAL) என்ற டிவி முறையில் வந்த வி.சி.டி.யில் இருப்பது 352க்கு 288 புள்ளிகள். அதை 1080 ஆக்கினாலும் தகவல் அதேதான். டிவி தானே பெரிதாக்கிக் காட்டும்.

அதே சமயம் விகிதத்தில் கவனம் வேண்டும். பால் டி.வி.டி.யின் புள்ளிகள் 720க்கு 576 என்று இருந்தாலும், திரையில் 4:3 ஆகவோ 16:9 ஆகவோ விரிந்து தெரிய வேண்டியவை. புள்ளிகள் சதுரமாக இருக்காது. ஹேண்ட்பிரேக்கில் 'அனமார்ஃபிக்' அமைப்பைத் தானியங்கியாகவே விடுங்கள். அதை அணைத்துவிட்டு எண்களைக் கையால் போட்டவர்களின் நூலகத்தில் எல்லாக் கதாநாயகிகளும் ஒல்லியாகவோ குண்டாகவோ இருப்பார்கள். சரிபார்க்க எளிய வழி ஒன்று: பாட்டில் வட்டமான பொருள் ஏதாவது வருமே, தபலாவின் வாய், பொட்டு, நிலா. அங்கே நிறுத்துங்கள். வட்டமாக இருந்தால் விகிதம் சரி.

சீப்புக் கோடு. டிவி ஒளிபரப்புக்காக எடுத்த பழைய பாட்டுகளில், ஆடும்போது கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனி நேரத்தில் பதிவானதால் வருவது. 'ஃபில்டர்ஸ்' பகுதியில் கண்டறிதலை இயக்கி, 'டீகோம்ப்' வையுங்கள். கோடு உள்ள கட்டங்களை மட்டும் தொடும். கோடே இல்லாத புதிய வீடியோவுக்கு இது வேண்டாம், நேரந்தான் வீண்.

கறுப்பு ஓரம். தானியங்கி வெட்டு நன்றாகவே வேலை செய்யும், இரவுப் பாட்டுகளைத் தவிர. இருட்டில் எடுத்த பாட்டில் நிஜப் படத்தையே ஓரம் என்று எண்ணி வெட்டிவிடலாம். நான்கு பக்க எண்களையும் ஒருமுறை பாருங்கள்.

கட்ட வேகம், அதாவது நொடிக்கு எத்தனை கட்டங்கள் என்பது. 'சேம் அஸ் சோர்ஸ்'. 25-ஐ 30 ஆக்கினால் புதிய அசைவு பிறக்காது, அதே கட்டம் இரண்டு முறை வந்து ஆட்டம் விக்கும்.

ஒலி. மூலம் ஏ.ஏ.சி. என்றால் 'பாஸ்த்ரூ', அதாவது தொடாமல் கடத்துவது. ஏற்கெனவே சுருக்கிய ஒலியை மறுபடி சுருக்கினால் ஜால்ராவும் சலங்கையும்தான் முதலில் கரகரக்கும். வேறு முறை என்றால் ஏ.ஏ.சி. 192.

கிராஃபிக்ஸ் அட்டையை வைத்து வேகமாக மாற்றும் வசதி இருந்தால் ஆசை வரும். அதே தரத்துக்குப் பொதுவாகக் கோப்பு பெரிதாகும். இது ஒரு முறை செய்து பல வருடம் வைத்துக்கொள்ளும் வேலை, எனவே மெதுவான வழியே மேல் என்று நினைக்கிறேன்.

எல்லாம் வைத்தாயிற்றா? முழுப் பாட்டையும் ஓட்டாமல் 'பிரிவியூ'வில் சில நொடி மட்டும் மாற்றிப் பாருங்கள். மழை, தீப்பொறி, பூ உதிர்வது, ஜிகினா உடை இப்படிக் கடினமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கட்டம் கட்டமாக உடையவில்லை என்றால் மற்ற இடங்களில் பயமில்லை. அப்புறம் அமைப்பைப் பெயர் வைத்துச் சேமித்து, அந்தப் பிரிவை முழுதாக வரிசையில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

## 8. மூலத்தை அழிக்கும் முன்

ஒவ்வொரு கோப்பிலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: தொடக்கம், நடு, கடைசி அரை நிமிடம். உதடும் குரலும், அடியும் கையும் பொருந்துகின்றனவா? தொடக்கத்தில் பொருந்திக் கடைசியில் விலகினால் கட்ட வேகத்தில் பிரச்சினை. கைபேசியில் பதிவான மேடைக் கச்சேரிகளில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் கைபேசி கட்ட வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். அந்தக் கோப்பை மட்டும் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்து மறுபடி ஓட்டுங்கள்.

மூலத்தின் நீளமும் புதியதன் நீளமும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அழியுங்கள். அன்றே வேண்டாம்.

## 9. பெயர் வைப்பது

மென்பொருள் வேலையைவிட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன், ஏனென்றால் நாளை தேடப்போவது பெயரை வைத்துத்தான்.

கோப்புறை எதன்படி? மேல்நாட்டு மென்பொருள்கள் பாடகர் பெயரில் கோப்புறை வைக்கச் சொல்லும். நம் சினிமாப் பாட்டுக்கு அது ஒத்துவராது. ஒரு டூயட்டில் இரண்டு பாடகர், எந்தக் கோப்புறையில் போடுவது? ஒரே விடை உள்ளது திரைப்படம் ஒன்றுதான். ஆகவே கோப்புறைக்குப் படத்தின் பெயரும் அடைப்புக்குள் ஆண்டும். ஆண்டு கட்டாயம், ஏனென்றால் அதே தலைப்பில் இரண்டாம் முறை படம் வருவது நம்மிடம் சகஜம். தனிப்பாடல்களுக்கும் பக்திப் பாடல்களுக்கும் மட்டும் பாடகர் பெயரில் கோப்புறை.

பாட்டின் பெயருக்குப் பல்லவியின் முதல் இரண்டு மூன்று சொற்கள். பல்லவிக்கு முன் வரும் தொகையறாவோடு தொடங்கும் பாட்டுகளில் ஒருவர் தொகையறாவின் சொல்லைப் போடுவார், இன்னொருவர் பல்லவியைப் போடுவார், ஒரே பாட்டு இரண்டாகிவிடும். எப்போதும் பல்லவி என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாடகர் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். எஸ்.பி.பி., எஸ்.பி. பாலசுப்ரமணியம், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்று மூன்று விதமாக எழுதினால் நூலகத்தில் மூன்று பாடகர்கள் தோன்றுவார்கள். ஒரு சிறு பட்டியலை உரைக் கோப்பில் வைத்து, அதிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது நீளம். லினக்ஸில் ஓடும் வீட்டுச் சேமிப்பகங்கள் பலவற்றில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுதான் வரம்பு. 'க' என்ற எழுத்துக்கு 3 பைட், 'கா', 'கி', 'க்' ஒவ்வொன்றுக்கும் 6. கணக்குப் போட்டால் 42 எழுத்துகளிலேயே பெயர் நிரம்பிவிடலாம். விண்டோஸில் ஒழுங்காக இருந்த கோப்பு அங்கே நகலெடுக்கும்போது பிழை காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். 30 எழுத்துக்குள் முடியுங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. 'கொ' என்பதன் கொம்பும் காலும் சேர்ந்த குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பார்க்க அச்சு அசலாக ஒன்று, ஆனால் சில மென்பொருள்கள் தேடும்போது இரண்டையும் வேறு சொல்லாக நினைக்கும். கண்முன் இருக்கும் பாட்டைத் தேடல் காட்டவில்லை என்றால், பெயரை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே மறுபடி தட்டுங்கள்.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது. பல்லவி கேள்வியாக இருந்தாலும் குறியை விட்டுவிடுங்கள்.

## 10. குறிப்புக் கோப்பு

கோடியில் தானாகத் தகவல் தேடும் வசதி உண்டு, தமிழ்ப் பாட்டுக்கு அதை நம்பி உட்கார முடியாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் அதே பெயரில் என்.எஃப்.ஓ. என்ற வாலுடன் ஒரு சிறு உரைக் கோப்பு வையுங்கள். அதன் மாதிரி வடிவம் கோடியின் விக்கியில் இருக்கிறது. தலைப்பு, பாடகர், ஆல்பம், ஆண்டு, வகை என்று வரிகள். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர். பாடகர் இருவர் என்றால் அந்த வரியை இருமுறை எழுதுங்கள், காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுதினால் இருவரும் சேர்ந்து ஒரே ஆளாகிவிடுவார்கள். இசையமைப்பாளருக்கு அதில் தனி இடம் கிடையாது. நான் 'டேக்' வரியில் போடுகிறேன்.

சேமிக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் காக்கும் யு.டி.எஃப்-8 என்ற குறியீட்டு முறைதானா என்று பாருங்கள். பழைய விண்டோஸின் நோட்பேட் வேறு முறையில் சேமிக்கும், தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

## 11. கோடிக்குள் சேர்ப்பது

சேர்க்கும் முன் நூலகக் கோப்புறையின் இடத்தை உறுதிசெய்யுங்கள். கோடி முகவரியை வைத்துத்தான் நினைவில் கொள்ளும். வெளி வன்தட்டு என்றால் விண்டோஸின் வட்டு மேலாண்மையில் அதற்கு நிலையான வட்டு எழுத்து (E, F போல) ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொரு பென்டிரைவ் செருகிய அன்று எழுத்து மாறி, நூலகத்தில் தொடும் பாட்டெல்லாம் 'கிடைக்கவில்லை' என்று வரும்.

வீடியோக்கள் பகுதியில் கோப்புறையைச் சேர்த்து, உள்ளடக்கம் 'மியூசிக் வீடியோஸ்' என்றும், தகவல் தருவது 'லோக்கல் இன்ஃபர்மேஷன் ஒன்லி' என்றும் வையுங்கள். 'மூவீஸ்' என்று வைத்துவிட்டால் பாட்டுப் பெயருக்கு ஏதோ ஓர் ஊர்ப் படத்தின் சுவரொட்டி வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் ஐந்து பாட்டுகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பாட்டு வரவே இல்லை என்றால் அநேகமாகக் குறிப்புக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தோ இடைவெளியோ வேறுபட்டிருக்கும். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தோற்ற அமைப்பில் எழுத்துருவை 'ஏரியல் பேஸ்டு' என்று மாற்றுங்கள்.

ஐந்தும் சரியாக வந்தபின் மற்றவற்றைச் சேர்த்துவிட்டு, நூலகக் கோப்புறையை இன்னொரு வன்தட்டுக்கு அப்படியே நகலெடுங்கள். அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

## 12. புதிதாக வரும் பாட்டுகள்

இனி இறக்குவதை வரவுக்குள்ளேயே விடுங்கள். வாரம் ஒரு நாள், பத்துப் பதினைந்து சேர்ந்ததும், 2-இலிருந்து 11 வரை ஒரு சுற்று. மீடியாஇன்ஃபோவில் பார்ப்பதற்கு முன் எதையும் ஹேண்ட்பிரேக்கில் போடாதீர்கள். சுற்று முடிந்ததும் வரவு கோப்புறை காலியாக இருக்க வேண்டும். ஏதாவது மிஞ்சியிருந்தால், எந்தப் படிக்காகக் காத்திருக்கிறது என்று அதன் பெயருக்கு முன்னால் எண்ணைப் போட்டு வையுங்கள்.